கொண்டு வரச் சொல்லாத வண்டி

“கீச்சுனு கத்துதா, கரகரனு அரைக்குதாம்மா?”

“கீச்சுனுதான் சார். பிரேக்கை மிதிச்சாப் போதும்.”

அந்தப் பெண் முதல் தடவை போன் செய்தபோது பேசிக்கொண்டது அது. மெக்கானிக்குக்கு இன்னும் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

அதன் பிறகு வாரம் தவறாமல் அழைத்தாள். ஒரு வாரம் இடது சக்கரம் என்பாள், மறுவாரம் வலது. மழையில் நனைந்து துருப் பிடித்திருக்கலாம், ரெண்டு மூணு தடவை மிதித்தால் சரியாகிவிடும் என்று இவர் சொன்னால், மழையே பெய்யலையே சார் என்பாள். அவள் குரலுக்குப் பின்னால் எப்போதும் பஸ் ஹாரன் அலறும். போனை வைக்கும்போது மட்டும், இருமல் குறைந்ததா என்று மறக்காமல் விசாரிப்பாள்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பெயிண்டருக்குத் தலை வெடித்தது. வண்டியைக் கொண்டு வாங்க என்பதுதானே எந்த மெக்கானிக்குக்கும் முதல் வார்த்தை? இவர் ஏன் போனிலேயே வைத்தியம் பார்க்கிறார்?

“கொண்டு வந்தா சரியாயிடும். சரியாயிட்டா போன் வராது. அதானேண்ணே உங்க கவலை?” என்று கண்ணடித்தான்.

மெக்கானிக் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்தார். அவன் சொன்னதில் பாதி உண்மை. கொண்டு வா என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். சொல்லி, அவள் வராமல் போய்விட்டால்? இருக்கிற போனும் நின்றுவிடுமே.

இன்று மணி அடித்ததும் கைகூடக் கழுவாமல் எடுத்தார்.

“இப்ப கரகரனு அரைக்குது சார்.” குரல் கம்மியிருந்தது.

“பிரேக் பேட் மொத்தமும் தேஞ்சுபோச்சும்மா. இரும்போட இரும்பு உரசுது. இதுக்கு மேல ஓட்டாதீங்க, டிஸ்க்கும் போயிடும்.”

“அப்ப... இனிமே சரிபண்ணவே முடியாதா சார்?”

“தேயுதுனு சொல்றதுக்குன்னே பேட்ல ஒரு சின்னத் தகடு வச்சிருக்காங்க. முதல்ல கீச்சுனு கத்துறது அதுதான். அப்பவே காது கொடுத்துக் கேட்டிருக்கணும். கேக்காதது தப்பு. என் தப்பு.”

பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தான். யார் வண்டியோ தேய்ந்ததற்கு இவர் எதற்குப் பழியைச் சுமக்கிறார்?

மறுமுனையில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, காதில் விழுந்தும் விழாமலும், வண்டியைக் கொண்டு வரட்டுமா சார் என்று கேட்டாள்.

மெக்கானிக் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உன்கிட்ட ஏதும்மா வண்டி? அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா. அப்பா ஸ்டாப்புல வந்து நிக்கிறேன்.”