வாய் திறக்காத ஏஞ்சல்

கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல் மீனுக்கு அது தலைப்பிரசவம். முட்டை பொரிந்து இலையில் ஒட்டியிருந்த, இன்னும் நீந்தத் தெரியாத குஞ்சுகளில் ஒன்று நழுவி விழ, அவள் பாய்ந்துபோய் அதை வாயில் கவ்விக்கொண்டாள்.

கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தை பதறிப்போனது. "அடிப்பாவி! பெத்த பிள்ளையையே தின்னுட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பதில் சொல்ல வாயைத் திறந்தால், தண்ணீரை உறிஞ்சும் ஃபில்டர் குழாய் பிள்ளையை இழுத்துக்கொண்டுவிடும். அத்தனை ஏச்சையும் கேட்டுக்கொண்டே நீந்திப்போய், குஞ்சை இலையில் பதமாக உமிழ்ந்து ஒட்டவைத்தாள்.

உயிரோடு நெளிந்த குஞ்சை நத்தை கொம்பை நீட்டிப் பார்த்தது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட அவள் திரும்பினாள்.

"அக்கா, உன் பின்னால இன்னொண்ணு விழுது! பிடி, பிடி!" என்று கத்தியது நத்தை.

ஏசுவதற்குத் திறந்த வாயோடு அப்படியே பாய்ந்தாள் அவள்.