மரிக்கொழுந்தின் கூலிங் கிளாஸ்

வருஷம் முழுக்க வெயில் காயும் ஒரு பட்டணத்துக் கடற்கரையில், மரிக்கொழுந்து என்ற குதிரை குழந்தைகளைச் சுமந்து பிழைத்துவந்தது. உச்சிவெயிலில் மணல் கண் கூசும்படி மின்னும். ஒருநாள் யாரோ விட்டுப்போன கூலிங் கிளாஸ் கிடைக்கவே, அதை மாட்டிக்கொண்டது. பாதை தெளிவாகத் தெரிந்தது. மனசும் குளிர்ந்தது.

"மகாராணி சினிமாவுல சேர்ந்துட்டாங்க போல," என்று சுண்டல் வண்டியோரம் நின்ற ஆடு சிரித்தது.

"அதெல்லாம் இல்ல, கண்வலி வந்திருக்கு. கிட்டப் போனா ஒட்டிக்கும்," என்றது நாய்.

மரிக்கொழுந்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணாடியை ஒரு படகின் அடியில் தள்ளிவிட்டது. மறுநாள் மத்தியானம், முதுகில் ஒரு சிறுமி இருக்கும்போதே கால் இடறி மண்டியிட்டது. சிறுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிரை அவளை இறக்கிவிட்டு ஓரமாகப் போய் நின்றது.

அதன் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்த ஆடு பக்கத்தில் வந்தது. "அடி பலமா?"

"அடியில்ல. இந்த வெளிச்சத்துல எனக்கு வழியே தெரியல. பிள்ளையைக் கீழ போட்டிருப்பேன்."

முந்தினநாள் குதிரை கண்ணாடியைத் தள்ளிவிட்ட இடத்தை ஆடு பார்த்திருந்தது. படகடியில் தலையை நுழைத்துக் கண்ணாடியைக் கவ்வி வந்து, தன் விலாவில் தேய்த்து மணலைத் துடைத்து, குதிரையின் மூக்கின்மேல் வைத்தது.

"நேத்தே சொல்லியிருக்கணும். உனக்கு இது அழகா இருக்கு."

"உனக்கும் கண்வலி வரப்போகுது," என்று நாய் தள்ளி நின்று குரல் கொடுத்தது.

"வந்தா வரட்டும்," என்ற ஆடு, சாயங்காலம் வரைக்கும் குதிரையை உரசிக்கொண்டே நடந்தது.