பேசும் வேகம்

உப்பளச் சாலையில் வசுமதி ஓட, பயிற்சியாளன் பெர்க்மான்ஸ் சைக்கிளில் கூடவே வந்தான். இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மூன்று மாதமாகத் தயாராகிறாள். அவன் வைத்த விதி ஒன்றுதான்: ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச வரவேண்டும். பேச்சு தடுமாறினால் உடம்புக்குச் சுமை கூடிவிட்டது, வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்காகவே வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவான். காலையில் என்ன சமையல், பள்ளியில் எத்தனை வகுப்பு எடுக்கிறாள் என்று கேட்பான். அவளும் மூச்சு வாங்காமல் சொல்லிவிடுவாள்.

நான்காவது கிலோமீட்டரில், "வீட்டுல எத்தனை பேரு அக்கா?" என்றான்.

அவளுக்கு வாய் எழவில்லை.

"வேகம் ஜாஸ்தி. கொஞ்சம் குறைங்க."

குறைத்தாள். மறுபடி கேட்டான். ஓட்டம் நடையாகி, நடையும் நின்றுபோயிற்று. அவள் மணிக்கட்டுக் கடிகாரத்தில் இதயத் துடிப்பு நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. பெர்க்மான்ஸ் எட்டிப் பார்த்தான். "மூச்சு நல்லாத்தானேக்கா இருக்கு?"

சித்திரையில் மகளைப் பறிகொடுத்த நாளிலிருந்து, யார் இப்படிக் கேட்டாலும் வசுமதி பேச்சை மாற்றிவிடுவாள்.

"ரெண்டு பேரு," என்றாள். உடனே தலையை அசைத்தாள். "இல்ல தம்பி, மூணு. பொண்ணு ஒருத்தி. இப்ப இல்ல."

அவன் சைக்கிளிலிருந்து இறங்கினான்.

"பேரு என்னக்கா?"

இரண்டே எழுத்துப் பெயர். நின்ற இடத்தில் நின்றபடி அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.