மீனில்லாத சாப்பாடு

அடுப்படியைப் பார்த்ததுமே கிரேசிக்கு இளக்காரமாக இருந்தது. கடையிலிருந்து வந்த கையோடு அனிஷ் கஞ்சியும் சிறுபயறும் வைத்துவிட்டு, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி அரைத்துக்கொண்டிருந்தான்.

“ராத்திரிக்கு இதுதானாக்கும்?”

“நேத்து தோசை. எனக்கு முடிஞ்சத வைக்கேன்.”

“கடலோரத்துல இருந்துகிட்டு பிள்ளைக்கு ஒரு துண்டு மீனு கெடையாது. ஆம்பள ஒத்தையில பிள்ள வளத்தா இந்தச் சீருதான். பேசாம பெபிஷாவ எங்கூட அனுப்பிருங்க. நல்லா தின்னு வளரட்டும்.”

அனிஷ் குனிந்து சம்மந்தியை வழித்தெடுத்தான்.

கிரேசி தான் கொண்டுவந்த பாத்திரத்தைத் திறந்தாள். அவன் திரும்புவதற்குள் பொரித்த நெய்மீன் துண்டு ஒன்றைப் பெபிஷாவின் தட்டில் வைத்தாள்.

“தின்னு மக்கா. இதாக்கும் சாப்பாடு.”

சிறுமி தட்டைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கு மீன் ஆவாது. மேலெல்லாம் தடிச்சு மூச்சு முட்டும். ஒங்களுக்குத் தெரியாதா அம்மா?”

தொட்டிலில் கிடந்த மகளை விட்டுப் போனவளுக்கு அது எப்படித் தெரியும்? கிரேசி பாத்திரத்தை மூடினாள்.

அனிஷ் அந்தத் தட்டை எடுத்துவிட்டு, வேறொரு தட்டில் மகளுக்குக் கஞ்சி விளம்பினான்.