சதுக்கத்தில் கேட்டால்தான்

"ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிங்க, எவரிஸ்தோ! பன்னிரண்டு மணிக்கு பேண்டு அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க."

"மிதிச்சா அச்சு முறியும். அப்புறம் இந்த வெயில்ல நாம ரெண்டு பேரும் உப்புக்கண்டம்தான்!"

எதெல்மீரா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அறுபத்தெட்டு வயதில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அந்தப் பாலைவனத்து மண்சாலையில், தகரக் கூரைமேல் ஓடுவதுபோல் தடதடத்தது வண்டி.

வெடியுப்புச் சுரங்கத்தை மூடி, ஊர் காலியாகி நாற்பது வருஷம். ஆனாலும் வருஷத்துக்கு ஒருநாள் பழைய சனமெல்லாம் அங்கே கூடிவிடும். சதுக்கத்தில் பேண்டு முழங்க, ஆண்கள் ஒரு பக்கமாகவும் பெண்கள் எதிர்ப்பக்கமாகவும் சுற்றி வருவார்கள். கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அந்தச் சுற்றில்தான் கேட்கவேண்டும். வேறெங்கே கேட்டாலும் அந்த ஊராருக்கு அது செல்லாது.

"எட்டு வருஷமா அந்த மனுஷர் கேட்டார். பேரப்பிள்ளைங்க சிரிக்குமேன்னு நானும் மாட்டேன் மாட்டேன்னுட்டேன். போன வருஷம், 'இனிமே கேக்க மாட்டேன்'னுட்டுப் போயிட்டார்."

"ரோஷக்காரன்."

"இன்னிக்குக் கேப்பாரா?"

"எனக்கென்ன தெரியும்? மண்டையில நாலு முடி, வாயில பாதிப் பல்லு. அந்த ஆளுக்கு இன்னொரு தடவை அவமானப்படணும்னு தலையெழுத்தா?"

"பல்லையா கட்டிக்கப் போறேன்? மனசு தங்கம்!" என்று சீறினாள்.

எவரிஸ்தோ கியர் மாற்றுவதில் மும்முரமானார்.

அந்த நேரம் பார்த்தா ரேடியேட்டர் கொதிக்கவேண்டும்! வண்டி புகைந்துகொண்டு நின்றது. அவள் குதித்திறங்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து வந்தாள்.

"ஐயோ, அது குடிக்கிற தண்ணி!"

"தாகத்தைப் பொறுத்துப்பேன். இன்னும் ஒரு வருஷம் பொறுக்க என்னால ஆகாது. ஊத்துங்க!"

இடிந்த சுவர்கள் கண்ணில் பட்டபோதே முரசுச் சத்தம் கேட்டது.

"நீங்க இறங்கி ஓடுங்க. நான் வண்டியை ஓரமா விட்டுட்டு வரேன்."

எதெல்மீரா ஓடிப்போய்ப் பெண்கள் வரிசையில் சேர்ந்துகொண்டாள். முதல் சுற்றில் அவரைக் காணோம். இரண்டாவது சுற்றிலும் காணோம். நிசமாகவே கேட்காமல் விட்டுவிடுவாரோ?

மூன்றாவது சுற்றில், எதிர் வரிசையில் ஒருவர் தொப்பியை மார்போடு அணைத்தபடி அவள் முன்னால் வந்து நின்றார். புருவமெல்லாம் வழிப் புழுதி.

"ஒன்பதாவது தடவையா கேக்குறேன், எதெல்மீரா..." என்று ஆரம்பித்த எவரிஸ்தோவை அவள் முடிக்கவே விடவில்லை.