வானதி வளர்க்கும் எலிகள்

ஒரத்தநாட்டு வீரையன் சம்பா வயலில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறவர். அவர் மகள் வானதியோ பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டு எலி வளர்க்கிறாள். ஊரே கிண்டல் செய்தது. அதனால், பெண் பார்க்க வருகிறவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லும்படி மகளிடம் கெஞ்சியிருந்தார்.

"என்ன வேலைம்மா பார்க்குற?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா பிரகதாம்பாள்.

"எலி வளர்க்கிறேன் அத்தை."

எல்லோரும் சிரித்தார்கள். வானதி விடவில்லை.

"மரபணுவ மாத்தின எலிங்க. மனச்சிதைவு நோய்க்குப் புது மருந்து வந்தா அதுங்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

பிரகதாம்பாள் மெதுவாகக் கேட்டாள். "எலிக்கும் காதுல யாரோ பேசுற மாதிரி கேக்குமா?"

"அதுங்க வாயத் திறந்து சொல்லாதுங்களே அத்தை! திடீர்னு சத்தம் வந்தா எப்படித் திடுக்கிடுதுன்னு பார்த்துத்தான் தெரிஞ்சிக்கணும்."

பிரகதாம்பாள் கணவருக்குக் கண்ஜாடை காட்டி வெளியே அழைத்துப் போனாள். சம்பந்தம் கைநழுவிவிட்டது என்று வீரையன் மகளை முறைத்தார்.

சற்று நேரத்தில் பிரகதாம்பாள் கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்தாள்.

"மன்னிச்சிக்கங்க. ராஜ்குமார் எங்களுக்கு ஒரே பையன்னு பொய் சொல்லிட்டோம். இவனுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். எட்டு வருஷமா அந்த நோய்க்குத்தான் மாத்திரை சாப்பிடுறான். தெரிஞ்சா பொண்ணு தர மாட்டீங்கன்னு, கார்லயே உக்கார வச்சிட்டு வந்தோம். இந்தப் பொண்ணுகிட்ட மறைக்க மனசு வரலீங்க."

வீரையன் விறுவிறுவென்று போய் கார்க் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க தம்பி, பஜ்ஜி ஆறிப்போவுது."