குழி அடைத்த பந்து

பந்தைக் கையில் எடுத்ததுமே அருள்குமாருக்கு வித்தியாசமாகப் பட்டது.

கோல்ஃப் பந்து என்றால் பணியாரக் கல் மாதிரி மேலெல்லாம் குழி குழியாக இருக்கும். இது கோழிமுட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினான். வெள்ளைப் பெயிண்ட் உரிந்தது. அதற்கடியில், அடிபட்ட காருக்குப் பூசுவார்களே, அந்தப் பட்டி. ஒவ்வொரு குழியையும் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளில் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தது.

பந்து அப்துல் முத்தலிப் மாமாவுடையது. அருள்குமாரின் அப்பா திருமூர்த்திக்கு இளவயதிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி.

போன வருசம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையில் பாதி பலம் போய்விட்டது. அப்படியும் ஞாயிறு தவறாமல் மைதானத்துக்கு வந்துவிடுவார். இன்றைக்கு டிரைவர் லீவு என்பதால் அருள்குமார் வண்டி ஓட்டி வந்திருந்தான். அவனுக்கு இந்த ஆட்டம் தெரியாது. ஆனால் கிரிக்கெட் தெரியும். பந்தைச் சுரண்டினவர்களை என்ன செய்வார்கள் என்பதும் தெரியும்.

மாமாவின் பந்து அப்பாவின் பந்தைவிட நாலு எட்டு முன்னால்தான் விழுந்திருந்தது.

படுத்து எழுந்த மனுசனை ஜெயிக்க இப்படி ஒரு திருட்டு வேலையா?

அப்பா தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அருள்குமார் நேராக முத்தலிப்பிடம் போனான்.

"மாமா, இது உங்க பந்துதானுங்களே?"

அவர் முகம் கறுத்தது. "அதைக் குடுங்க தம்பி."

"குழியெல்லாம் அடைச்சிருக்குதுங்க."

"மெதுவாப் பேசுங்க. மூர்த்திக்குக் கேட்டுறப் போகுது."

"கேக்கட்டுமுங்க. கை சரியில்லாத மனுசனை ஏமாத்தித்தான் ஜெயிக்கோணுமாக்கும்?"

முத்தலிப் பையைத் தோளில் மாட்டினார். அவனைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினார். பையிலிருந்து வேறொரு பந்தை எடுத்தார். குழி உள்ள, சாதாரணப் பந்து. புல்லில் வைத்து ஓங்கி அடித்தார்.

தாழ்வாகக் கிளம்பிய பந்து போகப்போக மேலே ஏறியது. தென்னை மர உயரத்துக்கு எழும்பி, இன்னும் எழும்பி, கண்ணுக்குத் தப்பிப் போனது.

அருள்குமார் வாயைப் பிளந்தான். சின்ன வயதில் இதே அடியைத்தான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். "மாமா அடிச்ச பந்து பாலக்காட்டுக்கே போயிருச்சு கண்ணு!" என்பார் அப்பா. ரொம்ப நாள் அதை நம்பிக்கூட இருந்தான். அந்த அடி இன்னும் அப்படியே இருந்தது.

முத்தலிப் அடுத்து, அவன் கையிலிருந்த பட்டி பூசிய பந்தை வாங்கி வைத்தார். அதே வீச்சு. அதே சத்தம். கொஞ்ச தூரம் போன பந்தை யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. முதல் பந்து போனதில் பாதி தூரம்கூடப் போகாமல் விழுந்தது.

"குழி இருந்தா காத்து பந்தை ஒட்டிக்கிட்டே பின்பக்கம் வரைக்கும் போகுமுங்க தம்பி. வழவழன்னு இருந்தா பாதியிலயே பிச்சுக்கிட்டுப் போயிரும். பின்னால சுழல் விழுந்து பந்தைப் புடிச்சு இழுத்துப்போடும்."

"அப்ப இது… தோக்கறதுக்குங்களா?"

"ஒடம்பு தேறி வந்தானல்லங்க, அன்னைக்கு நான் பழைய நெனப்புல ஒண்ணு அடிச்சுப்போட்டேன். பந்து போனதையே பாத்துட்டு நின்னான். அப்புறம் தன்னோட மட்டையைப் பைக்குள்ள வெச்சுட்டு, 'போதும் பாயி, ஊட்டுக்குப் போலாம்'னுட்டான்." அவர் மட்டையைப் பையில் செருகினார். "மெதுவா அடிச்சா கண்டுபுடிச்சிருவான். நான் கையை ஓங்கறது அவனுக்குத் தெரியாததா? அதான் பந்துல கை வெச்சேன். அவன்கிட்டச் சொல்லிராதீங்க."

"மன்னிச்சுக்கோங்க மாமா," என்றான் அருள்குமார். ஓடிப்போய் அந்தப் பந்தைப் பொறுக்கி வந்து கொடுத்தான்.

ஆட்டம் முடிந்தது. அப்பாதான் ஜெயித்தார்.

"ஏம்பா பாயி, உனக்கு வயசாயிருச்சு போ! பந்து உருளக்கூட மாட்டேங்குது!" என்று மைதானமே அதிரச் சிரித்தார். முத்தலிப் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் பாரு," என்றார்.

வரும் வழியில் போத்தனூரில் அவரை இறக்கிவிட்டார்கள். அவர் வீட்டுப் பூட்டைத் திறந்து, கையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கதவு மூடினதும் அப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "ஸ்ஸ்… அப்பா!" என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். தோள்பட்டை வீங்கியிருந்தது.

அருள்குமார் பதறிப்போனான். "ஏனுங்கப்பா, இப்படி வலிச்சா நிறுத்திக்கலாமுங்களே?"

"டாக்டரு அப்பவே நிறுத்தச் சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்குங்க வாரவாரம் வந்துட்டு?"

அப்பா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்சாரம் மௌத்தாகிப் போய்ச் சேந்த பின்னாடி அவன் ஊட்டை உட்டு வெளிய வர்றதே இதுக்கு மட்டுந்தான் கண்ணு. வாரம் பூரா உக்காந்து, நான் ஜெயிக்கோணும்னு பந்துக்குப் பட்டி பூசிட்டு இருக்கறான். அந்த வேலையும் இல்லீன்னா, தனியா உள்ள உக்காந்து என்னத்தப் பண்ணுவான்?"